53 பேர் இருந்தும் ஆள் பற்றாக்குறை ஏன்?

நீங்கள் கேட்டது இது: கிரிக்கெட்டில் 15 பேரை வைத்துக்கொண்டு உலகக் கோப்பையையே ஆடி முடித்துவிடுகிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் 53 பேர் இருந்தும் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கோ, அவரைக் காக்கும் வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஒரு டாக்கிளோ அடிபட்டால் அணியே ஏன் ஆட்டம் காண்கிறது? தாக்குதலுக்கு 11, தடுப்புக்கு 11 என 22 இடங்களில், இடத்துக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 44 பேர் போதுமே, மீதி ஒன்பது பேர் எதற்கு? கணக்கு சரிதான். ஆனால் ஓர் இடத்துக்கு ஒரு மாற்று ஆள் உட்கார்ந்திருப்பார் என்று எடுத்துக்கொண்டீர்களே, அங்கேதான் சிக்கல். என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறை லீகில் மாற்று ஆட்டக்காரர் ஏறக்குறைய எப்போதுமே இரண்டு மூன்று இடங்களுக்குப் பொறுப்பாளி. அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதே பெரும்பாலும் வேறொரு வேலைக்காக. அவர் உள்ளே போனால் அந்த வேலை அநாதையாகிவிடும். கீழே வரும் எண்களில் 53, 48 போன்றவை விதிகள். எந்த இடத்துக்கு எத்தனை பேர் என்பது வழக்கம், அணிக்கு அணி மாறும். எது புத்திசாலித்தனம் என்று நான் சொல்வது என் கருத்து மட்டுமே.

முதலில் விதிகள். கோடையில் ஒவ்வோர் அணியிலும் 90 பேர் வரை இருக்கலாம். ஆகஸ்ட் கடைசியில் ஒரே நாளில் அதை 53 ஆக வெட்ட வேண்டும். 32 அணிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1,200 பேர் அன்று வேலை இழக்கிறார்கள். அவர்களில் நான்கு பருவம் முடிக்காதவர்கள் வெயிவர் என்ற பொதுப் பட்டியலுக்குப் போவார்கள். வேறு எந்த அணியும் அவர்களைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். பலர் கேட்டால் முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கே முன்னுரிமை. யாரும் கேட்காமல் தப்பி வந்தவர்களையும் அனுபவசாலிகள் சிலரையும் சேர்த்து 16 பேர் கொண்ட பயிற்சிக் குழு ஒன்றை அமைப்பார்கள். பிராக்டிஸ் ஸ்குவாட் என்பது இதுதான். வாரம் முழுக்க அணியோடு பயிற்சி செய்வார்கள், ஆட்டத்தில் இறங்க மாட்டார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் அவர்களில் இருவரை மட்டும் தற்காலிகமாக மேலே ஏற்றலாம். ஒருவரை ஒரு பருவத்தில் மூன்று முறைதான் ஏற்றலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் 53 பேரில் ஒருவராகவே ஒப்பந்தம் போட வேண்டும். அதற்கு ஏற்கெனவே உள்ள ஒருவரை வெளியே அனுப்ப வேண்டும்.

ஆக 53 உடன் இரண்டு சேர்ந்து 55. ஆனால் களத்தில் இறங்கத் தகுதி உள்ளவர்கள் 48 பேர்தான். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவர்போல நிற்கும் ஆஃபென்சிவ் லைனைச் சேர்ந்தவர்கள் குறைந்தது எட்டுப் பேர் அந்த 48-இல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 47. மீதி ஏழு பேர் சாதாரண உடையில் ஓரமாக நிற்பார்கள். இந்த ஏழுதான் ஓர் அணியின் மூச்சுவிடும் இடம். இரண்டு வாரத்தில் குணமாகும் தசைப்பிடிப்பு உள்ள நான்கு பேரும் மூன்றாவது குவார்ட்டர்பேக்கும் அதில் போய்விட்டால், பயிற்சியாளர் தம் விருப்பப்படி ஒதுக்கிவைக்க மிஞ்சுவது இரண்டே இடம்.

இப்போது உங்கள் 44-ஐ 48-க்குள் வைத்துப் பாருங்கள். தொடக்க ஆட்டக்காரர்கள் 22. பந்தை உதைக்கும் கிக்கர், பண்ட்டர், இரண்டு உதைக்கும் பந்தைப் பின்னால் எறிந்து கொடுக்கும் லாங் ஸ்னாப்பர் என மூவர். மொத்தம் 25. மிச்சம் 23. இந்த 23 பேர்தான் கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை), அதைத் திருப்பி ஓடும் குழு, பண்ட் (பந்தைத் தொலைவில் உதைத்து எதிரணிக்கு விட்டுக்கொடுப்பது), அதைத் திருப்பி ஓடும் குழு, ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது), அதைத் தடுக்கும் குழு என்ற ஆறு ஸ்பெஷல் டீம்களின் பெரும்பகுதியை நிரப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 11 பேர். நட்சத்திர ஆட்டக்காரர்களைப் பண்ட் துரத்த அனுப்பி முட்டியை உடைத்துக்கொள்ள எந்த அணியும் விரும்பாது. அதனால் ஐந்தாவது லைன்பேக்கர் (தடுப்பின் நடுவரிசை), நான்காவது சேஃப்டி (தடுப்பின் கடைசிக் காவல்), நான்காவது ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கி ஓடுபவர்) ஆகியோரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எழும் கேள்வி, அவர் இந்த ஆறில் எத்தனை குழுவில் நிற்பார் என்பதே. நான்கு என்றால் வேலை உறுதி. ஒன்று என்றால், லைன்பேக்கராக அவர் கொஞ்சம் மேலானவராகவே இருந்தாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 2024-இல் கிக்ஆஃப் விதி மாறிய பிறகு, 2025-இல் டச்பேக் கோடு (உதைத்த பந்தைத் திருப்பி ஓடாமல் விட்டால் தாக்குதல் தொடங்கும் இடம்) 35 கெஜத்துக்கு நகர்ந்த பிறகு, திருப்பி ஓடுவது பல மடங்கு கூடிவிட்டது. இந்தக் கணக்கு இன்னும் இறுகியிருக்கிறது.

அடிபடும் நேரத்தில் நடப்பதும் இதனால்தான். முதல் பாதியில் ஒரு லைன்பேக்கர் வெளியேறினால், தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அவர் இடத்துக்கு வந்தவரை. நம் கண்ணில் படாதது, வந்தவர் நின்றிருந்த நான்கு ஸ்பெஷல் டீம் இடங்கள். அவற்றை நிரப்ப பந்து பிடிக்கும் ரிசீவர் ஒருவரும், பிடிக்கவும் தடுக்கவும் செய்யும் டைட் எண்ட் ஒருவரும் பழக்கமில்லாத பாதையில் ஓடுவார்கள். மூன்றாம் கால்பகுதியில் ஒரு பண்ட் அறுபது கெஜம் திரும்பி வரும். மறுநாள் எல்லாரும் பண்ட்டரைத் திட்டுவார்கள்.

எல்லா இடத்திலும் மாற்று ஆள் ஒரே மாதிரித் தயாராக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஃபென்சிவ் லைனில் எட்டு ஒன்பது பேர் மாறி மாறி ஆடுகிறார்கள். அங்கே 'மாற்று ஆள்' ஒவ்வோர் ஆட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கு நேரம் களத்தில் இருப்பவர். ஒருவர் போனால் மற்றவர்களின் நேரம் கூடும், அவ்வளவே. எதிரணி ரிசீவர்களைக் கவனிக்கும் கார்னர்பேக்கில் நிலைமை ஏமாற்றும். ஐந்து பேர் என்று பட்டியலில் இருக்கும். ஆனால் எதிரணி மூன்று ரிசீவர்களை நிறுத்துவதே இன்று வழக்கம் என்பதால் பாதிக்கு மேற்பட்ட நேரம் மூன்று கார்னர்கள் தேவைப்படுகிறார்கள். உண்மையான மாற்று இருவர்தான். உள்பக்க ரிசீவரைக் கவனிக்கும் அந்த மூன்றாமவரின் வேலை வெளிப்பக்கத்து வேலையிலிருந்து வேறுபட்டது. எல்லாராலும் இரண்டையும் செய்ய முடியாது. ரன்னிங் பேக்கில் ஓடத் தெரிந்த ஆள் மலிவு. பாய்ந்து வரும் லைன்பேக்கரை அடையாளம் கண்டு தடுக்கத் தெரிந்தவர்தான் அரிது. மாற்று ரன்னிங் பேக் வந்தவுடன் குவார்ட்டர்பேக் இரண்டு முறை தரையில் விழுந்தால் அங்கே பாருங்கள்.

மிக மோசமான இடம் ஆஃபென்சிவ் லைன். ஐந்து தொடக்க ஆட்டக்காரர்களும் ஆட்டம் முழுக்க நிற்பார்கள். மாறி மாறி ஆடும் பழக்கம் இல்லை. மீதி மூவரில் ஒருவர் இடது, வலது இரண்டு டாக்கிள் இடங்களுக்கும் பொதுவானவர். அவரைத்தான் ஸ்விங் டாக்கிள் என்பார்கள். இன்னொருவர் நடுவில் உள்ள மூன்று இடங்களுக்கும் (சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள்) பொது. அவருக்கு சென்டராகப் பந்தைக் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எட்டாமவர் பெரும்பாலும் வளர்ந்துவரும் இளைஞர். இவர்கள் ஃபீல்டு கோல் அடிக்கும் குழுவில் நின்றுவிட்டு, ஒரு பருவம் முழுக்கத் தாக்குதலில் ஒரு ஸ்னாப்கூட (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் ஒரு தடவை) ஆடாமல் போகலாம். பயிற்சியிலும் வாய்ப்புக் குறைவு. தொழிற்சங்க ஒப்பந்தப்படி பருவம் முழுவதற்கும் முழுக் கவசத்தோடு 14 பயிற்சிகள்தான் அனுமதி. மோதிப் பழகாமல் இந்த வேலையைக் கற்க முடியாது. இடதுபுறம் நின்று பழகியவர் வலதுபுறம் போனால் கால் வைப்பு, கை நீட்டுவது, எடை சாய்வது எல்லாம் தலைகீழ். இடது கையால் எழுதச் சொன்னதுபோல் இருக்கும்.

இங்கேதான் ஒருவர் விழுந்தால் எத்தனை இடங்கள் மாறுகின்றன என்ற கேள்வி உயிர் பெறுகிறது. 2017 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் இடது டாக்கிள் ஜேசன் பீட்டர்ஸ் முழங்கால் கிழிந்து பருவத்தை இழந்தார். ஹலாபூலிவாட்டி வைட்டாய் அவர் இடத்துக்கு வந்தார். மற்ற நால்வரும் நகரவில்லை. ஓர் இடம் மட்டும் பலவீனமானது. அதற்கு ஏற்ப டைட் எண்டை அந்தப் பக்கம் நிறுத்தி உதவ முடியும். டிசம்பரில் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸும் விழுந்தார். ஆனாலும் நிக் ஃபோல்ஸ் தலைமையில் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை 41–33 என்று வென்றார்கள். கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்கு நடந்தது வேறு. 2020 பருவத்தில் வலது டாக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகு வலியால் ஏற்கெனவே வெளியே. அவர் இடத்தில் மைக் ரெம்மர்ஸ். சூப்பர் பௌலுக்கு இரண்டு வாரம் முன்பு இடது டாக்கிள் எரிக் ஃபிஷரின் குதிகால் தசைநார் அறுந்தது. ரெம்மர்ஸ் வலமிருந்து இடம் போனார். வலது கார்டு ஆண்ட்ரூ வைலி வலது டாக்கிள் ஆனார். வைலியின் இடத்துக்கு ஸ்டெஃபன் விஸ்நீவ்ஸ்கி வந்தார். விழுந்தவர் ஒருவர், மாறிய இடங்கள் மூன்று. பேட்ரிக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்கப் பின்னோக்கி ஓடினார். 31–9 தோல்வி, ஒரு டச்டவுன்கூட இல்லை. இந்த இரண்டு ஆட்டங்களை வைத்து மட்டும் ஒரு சட்டம் எழுத முடியாது. எதிரணியான டாம்பா பேயின் முன்வரிசை அந்த ஆண்டு பலமானது, யார் நின்றிருந்தாலும் சிரமப்பட்டிருப்பார்கள். ஆனாலும் சற்றுத் திறமை குறைந்த ஒருவரை நேராக அந்த இடத்திலேயே வைப்பது, மூன்று நல்லவர்களை இடம் மாற்றுவதைவிடப் பல நேரம் குறைந்த சேதம் என்பது என் கருத்து. மாறாக நினைக்கும் பயிற்சியாளர்களும் உண்டு: சிறந்த ஐவரை எப்படியாவது களத்தில் நிறுத்து என்பார்கள்.

குவார்ட்டர்பேக்குக்கு வருவோம். மூன்றாவது ஆள் வீண்தானே என்று கேட்டிருந்தீர்கள். வீணா இல்லையா என்பதைவிட, இரண்டாவது ஆளே எவ்வளவு தயாராக இருக்கிறார் என்று பாருங்கள். புதன், வியாழன், வெள்ளி பயிற்சிகளில் அந்த வாரத்துத் திட்டத்தை ஓட்டிப் பார்ப்பவர் தொடக்க ஆட்டக்காரர்தான். மாற்று குவார்ட்டர்பேக் அட்டையில் வரைந்து கொடுத்த எதிரணியின் ஆட்டத்தைத் தம் டிஃபென்ஸுக்காக நடித்துக்காட்டிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை திடீரென்று உள்ளே போகும்போது, தம் அணியின் அந்த வாரத்து ஆட்ட உத்திகளில் பலவற்றை அவர் தாளில் படித்திருப்பாரே தவிர எறிந்து பார்த்திருக்க மாட்டார். அதனால் பயிற்சியாளர் பெரிய பட்டியலைச் சுருக்கி, அவருக்குக் கோடையிலிருந்தே பழகிய இருபது முப்பது உத்திகளுக்கு இறங்கிவிடுவார். எதிரணிக்கும் அது தெரியும். கூடவே ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை: சென்டரிடமிருந்து பந்தை வாங்குவது. ஆளுக்கு ஆள் வேகமும் உயரமும் மாறும். உள்ளே போகும் முன் ஓரத்தில் நின்று ஐந்தாறு முறையாவது வாங்கிப் பழகாவிட்டால் முதல் ஸ்னாப்பே கீழே விழலாம்.

2022 பருவத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ 49-யர்ஸ் இதன் எல்லைவரை போனது. ட்ரே லான்ஸ் இரண்டாம் வாரத்தில் கணுக்கால், ஜிம்மி கரோப்பலோ டிசம்பரில் பாதம். அந்த ஆண்டு டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) கடைசியாக, 262-ஆவதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி தொடக்க ஆட்டக்காரரானார். டென்வர் அணியின் பயிற்சிக் குழுவிலிருந்து ஜாஷ் ஜான்சனை மாற்றாக எடுத்தார்கள். 2023 ஜனவரி 29 அன்று அரையிறுதியில் பர்டியின் முழங்கை போனது. பிறகு ஜான்சனுக்குத் தலையில் அடி. எறிய முடியாத பர்டியே மீண்டும் களத்துக்கு வந்து பந்தைக் கைமாற்றிக்கொண்டே ஆட்டத்தை முடித்தார். ஃபிலடெல்ஃபியா 31–7 என்று வென்றது. அடுத்த பருவத்திலேயே பழைய விதி ஒன்று திரும்பி வந்தது: மூன்றாவது குவார்ட்டர்பேக் ஒருவரை 48-க்கு வெளியே அவசரத்துக்கு உடை அணிந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் இருவரும் காயத்தாலோ வெளியேற்றத்தாலோ இல்லாமல் போனால்தான் அவர் இறங்க முடியும். சரியாக ஆடவில்லை என்று இரண்டாமவரைத் தூக்கிவிட்டு இவரை அனுப்ப முடியாது. முதல் இருவரில் ஒருவர் குணமாகி வந்துவிட்டால் இவர் விலக வேண்டும்.

மூன்று பேருமே இல்லாமல் போனால் என்னவாகும் என்பதற்கு 2020 நவம்பர் 29 சாட்சி. கோவிட் கட்டுப்பாட்டால் டென்வரின் எல்லாக் குவார்ட்டர்பேக்குகளும் ஆட முடியாமல் போக, பயிற்சிக் குழு ரிசீவர் கெண்டல் ஹின்டன் இறங்கினார். ஒன்பது எறிதல்களில் ஒன்றுதான் தம் ஆளிடம் சேர்ந்தது. இரண்டு எதிரணி கையில். டென்வர் 31–3 என்று தோற்றது. நேர்மாறான உதாரணமும் உண்டு. 2023 அக்டோபர் 31 அன்று மினசோட்டா அணி வாங்கிய குவார்ட்டர்பேக் ஜாஷுவா டாப்ஸ், ஐந்தே நாள் கழித்து அட்லாண்டாவுக்கு எதிராக இடையில் இறங்கி 31–28 என்று வென்றார். தலைக்கவச வானொலியில் பயிற்சியாளர் ஒவ்வோர் உத்தியையும் விளக்கிக்கொண்டே இருந்தார். அடுத்த ஸ்னாப்புக்கான கடிகாரத்தில் 15 வினாடி மிஞ்சும்போது அந்த வானொலி துண்டிக்கப்படும்; அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். இதை வைத்து "யார் வந்தாலும் போதும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டாப்ஸ் பல அணிகளில் பல திட்டங்களைப் படித்தவர். மாற்று குவார்ட்டர்பேக்கிடம் முதலில் வாங்குவது அந்தப் படிப்பைத்தான்.

லாங் ஸ்னாப்பருக்கு மாற்று ஆளே வைப்பதில்லை. ஒரு டைட் எண்டோ லைன்பேக்கரோ வாரத்தில் சில நிமிடம் பழகிக்கொள்வார், அல்லது பழக மாட்டார். 2012 செப்டம்பர் 10 அன்று ஓக்லண்ட் ரைடர்ஸின் ஜான் காண்டோ தலையில் அடிபட்டு வெளியேற, லைன்பேக்கர் ட்ராவிஸ் கோத்தல் ஸ்னாப் கொடுத்தார். இரண்டு பந்துகள் தரையில் உருண்டு பண்ட்டரிடம் போயின, அடுத்த பண்ட் தடுக்கப்பட்டது, ஆட்டமும் போனது. வாரம் பத்து நிமிடம் மிச்சம் பிடித்ததற்கு அது அதிக விலை.

காயப் பட்டியலையும் ஒரு கருவியாகவே பயன்படுத்துகிறார்கள். அதில் போட்டால் குறைந்தது நான்கு ஆட்டம் அவர் இறங்க முடியாது. ஆனால் 53-இல் ஓர் இடம் காலியாகும். ஒரு பருவத்தில் எட்டு முறைதான் இப்படித் திரும்ப அழைக்கலாம். ஆறு வாரக் காயம் என்றால் முடிவு எளிது. இரண்டு மூன்று வாரக் காயம்தான் தலைவலி: பட்டியலில் போட்டால் ஓரிரு ஆட்டங்களை வீணாக இழக்கிறோம், போடாவிட்டால் ஆடாத ஒருவர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார். ஒரே பிரிவில் இப்படி மூன்று பேர் சேர்ந்தால் பயிற்சிக் குழுவின் மூன்று ஏற்றங்களும் கரைந்துவிடும். விவரமான அணிகள் அதே இடத்துக்குப் பயிற்சிக் குழுவில் இருவரை வைத்து மாறி மாறி ஏற்றும். அப்போது ஆறு ஆட்டம் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் அந்தக் குழுவில் வாரத்துக்கு நான்கு பேரை மட்டுமே மற்ற அணிகளிடமிருந்து காப்பாற்ற முடியும். மற்றவர்களை யார் வேண்டுமானாலும் தம் 53-க்குள் இழுத்துக்கொள்ளலாம், மூன்று வாரச் சம்பளம் உறுதி என்ற நிபந்தனையோடு. 2017-இல் ஃபிலடெல்ஃபியாவின் கிக்கர் காயமடைந்தபோது சின்சினாட்டியின் பயிற்சிக் குழுவிலிருந்து ஜேக் எலியட்டை அப்படித்தான் எடுத்தார்கள். வந்த சில நாளிலேயே 61 கெஜத்திலிருந்து அடித்து ஓர் ஆட்டத்தை வென்று கொடுத்தார்.

அனுபவசாலி மாற்று ஆட்டக்காரர்கள் ஏன் பருவம் தொடங்கிய பிறகு திடீரென்று அணிகளில் சேர்கிறார்கள் என்பதற்கும் காரணம் பணம்தான். நான்கு பருவம் முடித்தவர் முதல் வாரம் 53-இல் இருந்தால், பிறகு நீக்கினாலும் அந்தப் பருவச் சம்பளத்தைக் கேட்கும் உரிமை பொதுவாக அவருக்கு வந்துவிடும். இரண்டாம் வாரம் எடுத்தால் அந்தச் சுமை இல்லை. 2023 நவம்பரில் கிளீவ்லாண்ட் அணி, வீட்டில் சும்மா இருந்த குவார்ட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோவைக் கூப்பிட்டு, அவர் தொடங்கிய ஐந்தில் நான்கை வென்றது என்னவோ உண்மை. அதைத் திட்டம் என்பதைவிட அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். அந்தப் பருவத்தில் அவர்கள் ஐந்து குவார்ட்டர்பேக்குகளைத் தொடக்கத்தில் இறக்க வேண்டி வந்தது.

ஓர் அணியின் ஆழத்தை நீங்களே அளக்க ஒரு வழி உண்டு. எந்த இடத்துக்கு யார் முதலாவர், யார் இரண்டாமவர் என்று அணிகள் தளத்தில் போடும் டெப்த் சார்ட்டை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் சம்பிரதாயம். ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வெளியாகும் ஆடாதோர் பட்டியலையும், முந்தைய வார ஸ்னாப் எண்ணிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் யாருக்கு எத்தனை வாய்ப்புக் கிடைத்தது என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் இது தோராயம்தான். 25 தொடக்க ஆட்டக்காரர்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொருவரும் விழுந்தால் யார் வருவார், வந்தவரின் பழைய வேலைக்கு யார் போவார் என்று எதிரே எழுதுங்கள். பன்னிரண்டு பதின்மூன்று பெயர்களே திரும்பத் திரும்ப வரும். இடது டாக்கிள், வலது டாக்கிள், ஓரிரு கெஜமே தேவைப்படும்போது கூடுதல் டைட் எண்டாக நடுவரிடம் பெயர் சொல்லி இறங்குபவர், ஃபீல்டு கோல் குழு ஆகிய நான்கு வரிக்கு எதிரிலும் ஒரே பெயர் இருந்தால், அந்த ஒருவரின் கணுக்காலை வாராந்திரக் காய அறிக்கையில் தேடிப் பாருங்கள்.